திரைக்கு அந்தப்பக்கம் இரண்டு போத்தல்

கண்டிக்குப் பக்கத்து மடவளையில் ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று அந்நிய ஆண் ஒருவன் கேட்டால் ஆண்களின் தொகையைச் சொல்வதுதான் வழக்கம். அதில் பொய் ஒன்றும் இல்லை. பெண்கள் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். தெரிந்ததை எதற்குத் திரும்பச் சொல்ல வேண்டும்? இந்த நியாயம் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் ஒருவருக்குத்தான் பிடிபடவில்லை. அவர் யாழ்ப்பாணத்து ஆள். எதையும் எழுதிப் பார்த்தால்தான் நம்புவார்.

மலேரியாக் காய்ச்சல் நாட்டை அள்ளிக்கொண்டு போனதற்கு அடுத்த வருஷம் அது. ஆனி மாதத்துத் தூறல் பத்து நாளாக விடவில்லை. மர்சூக் விறாந்தையில் சாக்கு விரித்து, பாக்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தான். கிராமத்துத் தோட்டங்களில் பாக்கு வாங்கி, உரித்து, காய வைத்து, கண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் தொழில். வெயில் இல்லாத காலத்தில் பாக்கு அடுப்புக்கு மேலே பரணில் புகையில் காயும். அதனால் அந்த வீட்டுக் குசினியில் விடிந்ததிலிருந்து புகைதான். குசினிக்குள் போனவர்கள் எல்லாரும் இருமினார்கள். எந்த இருமல் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வானத்து மலக்குமார்தான் இறங்கி வரவேண்டும்.

ராஜரத்தினம் சைக்கிளைப் பலாமரத்தில் சாய்த்துவிட்டு, கதிரையின் ஈரத்தைக் கைலேஞ்சியால் துடைத்து உட்கார்ந்தார்.

"வீட்டில எத்தின பேர்?"

"ரெண்டு பேர் ஐயா. நளீர் நானாவ நீங்களே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டீங்க. மத்தவன் நான். இந்தா ஈக்கிறன்."

அண்ணன், தம்பி என்று ராஜரத்தினம் எழுதினார். எழுதியபின் கூரைக்குக் கீழே கட்டியிருந்த கொடியைப் பார்த்தார். அதில் மூன்று கம்பாயமும், கைக்குழந்தைத் துணி ஏழும் காயாமல் தொங்கின.

"இதெல்லாம் ஆர் உடுக்கிறது? நீரோ?"

"அது பொம்புளயள்ட ஐயா."

"பொம்பிளையள் மூச்சு விடுறேல்லையோ?"

மர்சூக்குக்கு இந்தக் கேள்வி புதிது. அவன் யோசித்துக்கொண்டிருக்கையில் உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து அவனுடைய உம்மா, ஆஸியா உம்மா, குரல் கொடுத்தாள்.

"மவன், அவருக்குச் செல்லு. பொம்புள ஆக்கள்ட பேர வெளி ஆம்புளக்கிட்டச் செல்ல ஏலாண்டு."

"ஏன் அம்மா, மாசியில வோட்டுப் போடப் போனனீங்கள்தானே? அங்கை பேர் எழுதித்தானே துண்டு தந்தவை?"

"அது வேற. அதுக்குக் கார் அனுப்பின."

ராஜரத்தினம் வெளியே தன்னுடைய சைக்கிளைப் பார்த்தார். அதைக் காட்டி வாதாட முடியாது என்று தெரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"இஞ்ச பாருங்கோ. நளீருக்கு வந்தது சயரோகம். அது கிட்ட இருந்தவைக்குத்தான் முதல்ல தொத்தும். ஆர் கஞ்சி குடுத்தது, ஆர் படிக்கம் கழுவினது, ஆர் பக்கத்தில படுத்தது, அவையளைத்தான் நான் தேடுறன். தொடக்கத்தில பிடிச்சால் ஆளைக் காப்பாத்தலாம். சுணங்கினால் நான் பிறகு சும்மா வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதுதான்."

திரைக்குப் பின்னால் கிசுகிசுப்பு நடந்தது. பிறகு, ஏலத்தில் கடைசி விலை சொல்வதுபோல உம்மா சொன்னாள்: "ஆஸியா உம்மா. ஜெஸீமா. அவ்வளவுதான்."

"நோயாளியின்ர மனிசி?"

"அவ உம்மாட வூட்டுக்குப் போயிட்டா. அக்குறணைக்கி."

அந்த நேரம் பார்த்து உள்ளே குழந்தை வீரிட்டது.

"இது ஆரின்ர பிள்ளை?"

"பக்கத்து வூட்டுப் புள்ள," என்றான் மர்சூக்.

ராஜரத்தினம் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்தார். பக்கத்து வீடு வயலுக்கு அந்தப்பக்கம், தென்னந்தோப்பு மறைவில், ஓட்டுக்கூரை மட்டும் தெரிய இருந்தது. "நல்ல தொண்டை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

உம்மா பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தாய்க்குக் கசம் என்று எழுதிவிட்டால் சானிட்டரி வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவான் என்று கிணற்றடியில் கதை உலாவியது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு பிள்ளையை அப்படிக் கொண்டு போனார்களாம். எந்த வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் எல்லாரும் நம்பினார்கள். நளீரின் மனைவி கைரியாவுக்குக் கையில் ஏழு மாதப் பிள்ளை, ஹபீல். ஆகவே கைரியா அக்குறணைக்குப் போனாள், குசினியை விட்டு ஓர் அடி நகராமல்.

ராஜரத்தினம் தோல்பையிலிருந்து மூன்று சின்னப் போத்தல்களை எடுத்து, பெயர் எழுதிய காகிதத்தை ஒட்டினார்.

"நாளண்டைக்கு விடிய வாறன். எழும்பினவுடனை, வாய் கொப்பளிச்சுப்போட்டு, அடி நெஞ்சில இருந்து காறி எடுக்கவேணும். எனக்குச் சளி வேணும். எச்சில் வேண்டாம். போன கிழமை ஒரு வீட்டில வெத்திலைச் சாறு தந்தவை."

ஒரு போத்தலை மர்சூக் எடுத்துக்கொண்டான். மற்ற இரண்டையும் திரைக்கு அடியில் நீட்டிய உம்மாவின் கை வாங்கிக்கொண்டு மறைந்தது.

சைக்கிள் வயல் வரப்பில் திரும்பும்வரை மர்சூக் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பாக்கு உரிக்க உட்கார்ந்தான். ஏழு பாக்கு உரித்தான். எழுந்தான். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தான். திரும்ப வந்து, உரித்ததைத் தோலோடும் தோலைப் பாக்கோடும் சேர்த்துச் சாக்கில் போட்டான்.

அவனை அரித்தது தங்கை ஜெஸீமாவின் போத்தல். ஜெஸீமாவுக்கு ஒரு மாதமாக இருமல். கொத்தமல்லித் தண்ணி குடித்தாள், இஞ்சி மென்றாள், லெப்பை ஓதிக் கொடுத்த தண்ணீரையும் குடித்தாள். இருமல் எதையும் மதிக்கவில்லை. அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை ஷிராஸ், கண்டியில் புடவைக் கடை வைத்திருக்கும் ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் மகன். நளீர் அந்தக் கடையில்தான் எட்டு வருஷம் சேல்ஸ்மேனாக நின்றவன். கிழமை முழுக்கக் கடையிலேயே படுத்து, வியாழன் பின்னேரம் வீட்டுக்கு வருவான். கடைசி நாலு மாதம் நோயில் வீட்டோடு கிடந்தான். ஹாஜியாருக்கு அது ஈளை என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஹாஜியாரும் ஈளை என்று நம்புவதாகச் சொல்லி வைத்திருந்தார்.

ஜெஸீமாவின் சளியில் ஏதாவது இருந்தால் நிக்காஹ் இல்லை. இதில் மர்சூக்குக்குச் சந்தேகமே கிடையாது. ஏதாவது இருந்தால் ஜெஸீமாவே இல்லாமல் போகலாம் என்ற பக்கம் அவன் யோசனை போகவில்லை. நிக்காஹ் அடுத்த மாதம். மௌத்துக்குத் திகதி குறிக்கவில்லை. கிட்ட இருக்கிற பயம்தான் பெரிதாகத் தெரியும்.

மறுநாள் விடிய அவன் பாக்குச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டுகஸ்தோட்டை வரை நடந்தான். பாலத்தடியில் மகாவலி மண் கரைத்து ஓடியது. பஸ் வந்தது. ஏறவில்லை. தேத்தண்ணிக் கடையில் ஒரு வெறுந்தேத்தண்ணியை வாங்கி ஆறவிட்டுக் குடிக்காமல் எழுந்தான். சாக்கைத் திரும்ப வீட்டுக்கே சுமந்து வந்தான். ஆறு மைல் நடந்து அவன் கண்டுபிடித்தது இதுதான்: சளி சளியாக இருந்தால் போதும், யாருடைய சளி என்று போத்தலுக்குத் தெரியாது.

உம்மாவின் நெஞ்சு வறண்ட நெஞ்சு. அவளுடைய போத்தலுக்கே அவள் அரைமணி நேரம் போராட வேண்டும். மிஞ்சியது மதினி கைரியா.

மதினியின் முகத்தை மர்சூக் நேராகப் பார்த்ததில்லை. நானாவின் மனைவி; அது மரியாதை இல்லை. முக்காட்டின் ஓரம், சோற்றுப் பீங்கானை நீட்டும் கை, இவ்வளவுதான் அவன் அறிந்த மதினி. ஆனால் ஒவ்வொரு காலையும் குசினியில் உலக்கை விழும் சத்தம் கேட்கும். திடும், திடும் என்று விறாந்தைத் தூண் அதிரும். அப்படி மா இடிக்கும் பெண்ணின் நெஞ்சு இரும்பாகத்தான் இருக்கும் என்பது அவனுடைய வைத்திய சாஸ்திரம். அவள் இருமிக் கேட்டதும் இல்லை.

திரைக்கு இந்தப்பக்கம் நின்று கூப்பிட்டான்.

"மதினி."

"என்ன தம்பி?"

"ஜெஸீமாட போத்தலுக்கு நீங்க கொஞ்சம் சளி எடுத்துத் தாங்களன்."

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்து சுறுசுறுத்தது.

"ஏன், அவக்கு இல்லயா?"

"அவக்கு ஈக்கி. அதான் பயம். ஒங்களுக்கு ஒண்ணுமில்லத்தானே. ஒங்கட சளிய அவட பேர்ல குடுத்தா எல்லாருக்கும் நல்லம்."

"என்ட பேர்ல போத்தல் இல்லயே?"

"நீங்க அக்குறணையில ஈக்கிறீங்க."

"ஓ," என்றாள் கைரியா. "நாளக்கி விடியத் தாரன்."

விடிய, திரைக்கு அடியில் போத்தல் வந்தது. முக்கால்வாசி நிறைந்திருந்தது. உம்மாவின் போத்தலில் அடி மட்டும்தான் நனைந்திருந்தது. மர்சூக் தொண்டை புண்ணாக இருமி எடுத்ததும் ஒரு கரண்டி தேறாது. கேட்டவுடன் மதினி இவ்வளவு தாராளமாகத் தந்ததை நினைத்து அவன் சந்தோஷப்பட்டான். நல்ல குடும்பத்துப் பெண் என்று உம்மா சொல்வது சும்மா இல்லை.

மூன்று போத்தலையும் ராஜரத்தினம் வந்து கொண்டுபோனார். முடிவு வரப் பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளும் மர்சூக் ஓரிடத்தில் இருந்தால் ஐந்து நிமிஷம். பள்ளியில் முன்வரிசையில் தொழுகைக்கு நின்றவன் ஸலாம் கொடுத்ததும் முதல் ஆளாகச் செருப்பைத் தேடினான். மாட்டிக்கொண்டது அவன் செருப்பு இல்லை. வெளியே நின்று நீளக் கம்பால் பாக்குப் பரணைக் கிளறக் கிளறப் புகை கூடி, ஜெஸீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நானா, அத விடுங்களன். பாக்கு கரியாகப் போகுது."

"நீ புகைக்குள்ள நிக்காத."

"நான் நிக்காட்டி ஆணம் யாரு வெக்கிற? நீங்களா?"

"மதினி ஈக்கிறாதானே."

ஜெஸீமா ஏதோ சொல்ல வாயெடுத்து, உள்ளே ஒருமுறை பார்த்து, பேசாமல் விட்டாள். அதை அவன் கவனித்தான். கவனித்ததைப் பற்றி யோசிக்க அவனுக்கு நேரம் இல்லை. அடுத்த ஐந்து நிமிஷத்துக்கு வேறிடம் போகவேண்டியிருந்தது.

பதினேழாம் நாள் சைக்கிள் வந்தது. ராஜரத்தினம் இந்த முறை கதிரையைத் துடைக்காமலே உட்கார்ந்தார்.

"மர்சூக், உமக்கு ஒண்டும் இல்லை. கொம்மாவுக்கும் இல்லை." காகிதத்தை மடித்தார். "தங்கச்சியின்ர சளியில கிருமி கிடக்கு. நிறையக் கிடக்கு. வியாழக்கிழமை கண்டிக்குக் கூட்டிக்கொண்டு வாரும். டாக்குத்தர் நெஞ்சைப் பாக்கவேணும்."

திரைக்குப் பின்னால் உம்மா 'யா அல்லாஹ்' என்று தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

மர்சூக்குக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை அவன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. தங்கச்சிக்கு இல்லை! அந்தச் சளி அவளுடையது இல்லையே! பல் தெரியச் சிரித்தான். ராஜரத்தினம் இருபது வருஷ உத்தியோகத்தில் இந்தச் செய்திக்குச் சிரித்த மனிதனைக் கண்டதில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

சிரிப்பு அப்படியே முகத்தில் நிற்க, சளி யாருடையது என்ற ஞாபகம் மர்சூக்குக்கு வந்தது.

"ஐயா," என்றான். "பேர்த் துண்டு மாறி ஒட்டியிருக்குமா?"

"ஒட்டினது நான். மாறாது."

"வேற வூட்டுப் போத்தலோட கலந்திருக்குமா?"

"கலக்காது."

"வேற யாரும்..."

"மர்சூக்," என்றார் ராஜரத்தினம், "என்னட்டை ஏதும் சொல்லவேணுமோ?"

தூறல் ஓட்டில் விழுந்து பீலியால் ஒழுகியது. மர்சூக் வாயைத் திறந்தான். சொன்னால் மதினியின் பெயர் ஏறும். ஹபீலைப் பிடுங்குவார்கள். சொல்லாவிட்டால் தங்கச்சியின் பெயர் நிற்கும். இரண்டு பக்கமும் கத்தி பிடித்தது அவன்தான். "இல்ல ஐயா," என்றான்.

"வியாழக்கிழமை. எட்டு மணி." சைக்கிளில் ஏறியவர், ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பினார். "பக்கத்து வீட்டுப் பிள்ளை சுகமோ?"

"சுகம்."

"நல்லது. அந்தப் பிள்ளையின்ர தாய்க்கும் சொல்லும், கிட்ட வைச்சு முத்தம் குடுக்கவேண்டாமெண்டு. ஆரெண்டாலும்."

அவர் போனபின் மர்சூக் செய்தது, அந்த வீட்டில் அவன் ஒருநாளும் செய்யாதது. குரல் கொடுக்காமல் திரையை விலக்கிக்கொண்டு குசினிக்குள் போனான்.

புகைக்குள் மூன்று பெண்களும் இருந்தார்கள். உம்மா சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். உலக்கை ஜெஸீமாவின் கையில் இருந்தது. கைரியா ஒரு மூலையில் பலகையில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் மடியில் இல்லை. எட்டத்தில், பாயில், தனியாகக் கிடந்து காலை உதைத்தது. புகையில் முக்காடு நழுவியிருந்தது. மர்சூக் முதன்முறையாக மதினியின் முகத்தைப் பார்த்தான். கன்னத்து எலும்பு இரண்டும் தோலைத் தள்ளிக்கொண்டு நின்றன.

"மா இடிக்கிறது நீயா?" என்றான் ஜெஸீமாவிடம்.

"மூணு மாசமா நான்தான். மதினிக்கு உலக்க தூக்க ஏலா. யாருக்கும் செல்ல வேணாண்டு சென்னா."

"ஒனக்கு இருமல்..."

"இந்தப் பொகயில நின்டு பாருங்க, ஒங்களுக்கும் வரும்."

மர்சூக் மதினியின் பக்கம் திரும்பினான். கைரியாவே சொன்னாள். பாக்குவெட்டி நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும் தம்பி. நோம்புக்கு முன்னுக்கே ரெத்தம் வந்த. பொகயோட பொகயா இருமுவன். ஆக்கள் வந்தா சீலய வாயில அமத்துவன்."

"தெரிஞ்சுக்கிட்டு ஏன் போத்தல்ல குடுத்த? வேணாண்டு செல்ல ஈந்திச்சே!"

"வேணாண்டு சென்னா நீங்க எடுத்திட்டுப் போயிருப்பீங்க. பேந்து எனக்கு எந்தப் போத்தல் வரும்?" வெட்டிய பாக்கைச் சுளகில் தள்ளினாள். "என்ட பேர யாரும் எழுதல்ல. எழுதாத ஆளுக்கு வருத்தம் ஈக்கா இல்லயாண்டு யாரு பாக்கிற? யார்ட பேர்லயாவது பாத்துக்குவமேண்டு நெனச்ச. ஜெஸீமாக்கு இப்பிடி வரும்டு யோசிக்கல்ல. அது என்ட பெழ."

மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்த இரண்டு வருஷத்தில் கைரியா இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை. உம்மா அழுகையை நிறுத்தினாள்.

"அவட பேரச் செல்ல வேணாம் மவன்," என்றாள். "அல்லாவுக்காகச் செல்ல வேணாம். புள்ளயப் பிரிச்சிருவானுகள்."

"பிரிச்சா வளருவான் மாமி," என்றாள் கைரியா. "பிரிக்காட்டி?"

ஹபீல் பாயில் புரண்டு, குப்புற விழுந்து, அது தன்னுடைய சாதனை என்று நினைத்துச் சத்தம் போட்டான். கைரியாவின் கை தானாக அவன் பக்கம் நீண்டு, பாதியில் நின்று, திரும்பிப் பாக்குவெட்டிக்கே வந்தது. ஜெஸீமா உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்ப் பிள்ளையைத் தூக்கினாள்.

"வியாழக்கெழம நானும் வாரன்," என்றாள். "மதினியும் வாரா. புள்ளயும் வாரான். நீங்க என்ன செல்லப்போறீங்களோ அத வழில யோசிங்க நானா. ஒங்களுக்கு நடந்தாத்தானே யோசன வரும்."

வியாழக்கிழமை அவன் பஸ்ஸில் யோசித்தான். வரவில்லை. பெண்கள் இருவரும் வெள்ளைத் துப்பட்டி போர்த்துப் பின்சீட்டில் இருந்தார்கள். கண்டியில் இறங்கிக் குளக்கரை வழியாக நடந்தபோதும் யோசித்தான். தூறலில் குளமும் வானமும் ஒரே சாம்பல் நிறம். 'பேர் மாறிப் போச்சி ஐயா' என்று ஒன்று. 'இவங்க ரெண்டு பேரயும் பாருங்க, காரணம் கேக்க வேணாம்' என்று ஒன்று. ஒன்றுமே பேசாமல் இரண்டு பேரையும் உள்ளே அனுப்பிவிட்டு ஓடிப்போவது என்று இன்னொன்று. மூன்றாவது அவனுக்குப் பிடித்திருந்தது.

சோதனை நடக்கும் கட்டடத்தில் நீளமான விறாந்தை. ஒரு பக்கம் ஆண்கள் உட்கார வாங்கு, எதிர்ப்பக்கம் பெண்களுக்கு. ஆண்கள் வாங்கின் கோடியில் ஒருவர், கூரைக்குக் கீழேயே குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தார். மர்சூக் அந்தப் பக்கம்தான் இடம் இருந்ததால் போய் உட்கார்ந்தான். குடைக்காரருக்குப் பக்கத்தில் கைலேஞ்சியால் எதையோ மூடிப் பிடித்துக்கொண்டு ஷிராஸ் இருந்தான்.

மாப்பிள்ளையும் மைத்துனனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவருமே வேறு பக்கம் பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, சுவர். திரும்ப இந்தப் பக்கம் பார்த்தார்கள். குடை கொஞ்சம் சரிந்து ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் தாடி தெரிந்தது.

"பாக்கு கொண்டாந்தயா?" என்றார் ஹாஜியார்.

"ஓ ஹாஜியார். நீங்க?"

"ஒரு சாமான் விஷயமா."

சாமான் ஷிராஸின் கைலேஞ்சிக்குள் இருந்தது. அதன் மூடி வெளியே தெரிந்தது. நளீர் எட்டு வருஷம் படுத்த கடையில் வேறு யார் படுத்தார்கள் என்று ராஜரத்தினம் கேட்காமல் விட்டிருப்பாரா? மர்சூக்குக்கு இது இப்போதுதான் உறைத்தது. ஒரு மாதமாக இரண்டு குடும்பமும் ஒன்றையே ஒன்றுக்கொன்று ஒளித்துக்கொண்டு, ஒரே வாங்குக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டுக்காரன் ஒருவன் காகிதத்தைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"ஜெஸீமா!"

ஷிராஸ் நிமிர்ந்தான். அந்தப் பெயரை அவன் வீட்டில் பேசக் கேட்டிருக்கிறான். எதிர் வாங்கில் இரண்டு துப்பட்டிகள் ஒரேநேரத்தில் எழுந்து நின்றன.

பேர் தன்னுடையது என்று ஜெஸீமா எழுந்தாள். சளி தன்னுடையது என்று கைரியா எழுந்தாள். வெள்ளைக் கோட்டுக்காரன் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். அங்கே ஒன்றும் எழுதவில்லை. உள்ளே திரும்பிக் கூப்பிட்டான். ராஜரத்தினம் வெளியே வந்தார், துப்பட்டிகளைப் பார்த்தார், ஒரு துப்பட்டியின் தோளில் தூங்கும் பிள்ளையைப் பார்த்தார், கடைசியாக மர்சூக்கைப் பார்த்தார்.

"இதில ஆர் ஜெஸீமா?"

விறாந்தை முழுக்கக் காது. ஹாஜியாரின் குடை அசையவில்லை. ஓடிப்போகும் யோசனையை மர்சூக் கடைசித் தடவையாக எடுத்துப் பார்த்தான். கால் வரவில்லை, இத்தனை நாள் நிற்காத கால்.

"புள்ள வெச்சிருக்கிறவ ஜெஸீமா. என்ட தங்கச்சி," என்றான். "மத்தவ எங்கட மதினி. நளீர் நானாட பொண்டாட்டி. கைரியா. போத்தல்ல ஈந்த சளி அவட. பேருதான் தங்கச்சிட. நான்தான் மாத்தின."

"ஏன்?"

"தங்கச்சி இருமின. நிக்காஹ் ஈக்கி. அதான்."

சொல்லிவிட்டு அவன் குடைப் பக்கம் திரும்பவில்லை.

"நோயாளியின்ர மனிசி அக்குறணையில எண்டனீங்கள்."

"அக்குறணையில இல்ல ஐயா. அடுப்படியில."

"பக்கத்து வீட்டுப் பிள்ளை?"

"எங்கடதான்."

ராஜரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டினார். ஏசுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கையிலிருந்த பெயர் இடாப்பில் ஒரு கோடு கிழித்தார்.

"மனிசியின்ர வயது?"

மர்சூக்குக்குத் தெரியாது. உம்மாவுக்குத் தெரியும், உம்மா வரவில்லை. அவன் முழித்தான்.

"பத்தொம்பது," என்றாள் கைரியா. துப்பட்டிக்குள்ளிருந்து குரல் தெளிவாக வந்தது. "பேர் கைரியா. ஊர் மடவள. எழுதிட்டீங்களா?"

"எழுதிப்போட்டன் தங்கச்சி."

அவள் உள்ளே போனாள். போகும்போது பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை. வாசலைத் தாண்டியபின் ஒருதரம் நின்றாள், பிறகு போனாள். ஜெஸீமாவையும் ஒரு தாதி வந்து அடுத்த அறைக்கு அழைத்தாள். புதுப் போத்தல், அவளுடைய பெயரில், அவளுடைய நெஞ்சுக்கு. பிள்ளையை யாரிடம் கொடுப்பது? மர்சூக்கின் கையில் வந்து விழுந்தது.

ஹாஜியார் எழுந்தார். குடையை மடக்கினார். மடக்கிய குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மழைக்குள் இறங்கிப் போனார். மர்சூக் அவருடைய முதுகைப் பார்த்தான். நிக்காஹ் அந்த முதுகோடு படியிறங்கிப் போகிறது என்று நினைத்தான்.

அரை மணி நேரம் கழித்து ராஜரத்தினம் வந்து, நின்றபடியே சொன்னார்.

"மனிசியை மறிச்சு வைக்கினம். வீட்டை விடேலாது. ஒரு பக்கம்தான் பழுதாம், மற்றப் பக்கம் சுத்தம். இன்னும் ஆறு மாசம் அக்குறணையில இருந்திருந்தால் ஒண்டும் சொல்லேலாது." பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். "இவரையும் பாக்கவேணும். ஆரும் கொண்டுபோக மாட்டினம், பயப்பிடாதையும். நீர்தான் வைச்சிருக்கவேணும். அது இலேசான வேலை இல்லை."

அவர் போய்விட்டார். ஹபீல் விழித்து, தன்னைப் பிடித்திருக்கும் முகத்தை ஆராய்ந்து, அது தாயும் இல்லை ஜெஸீமாவும் இல்லை என்று கண்டு, முழுத் தொண்டையையும் திறந்தான். மர்சூக் தட்டினான், ஆட்டினான், எழுந்து நாலடி நடந்து வந்து உட்கார்ந்தான். வாங்கில் இருந்தவர்கள் இரக்கமில்லாமல் பார்த்தார்கள்.

"மச்சான்."

மர்சூக் திரும்பினான். இத்தனை நாளும் ஷிராஸ் அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறான்.

ஷிராஸ் கைலேஞ்சியை முற்றாக எடுத்துவிட்டு, போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அது காய்ந்து கிடந்தது.

"காலயிலேந்து இருமிப் பாக்கிறன். ஒண்ணும் வருதில்ல. வாப்பா பக்கத்துல ஈந்ததுக்கு வெக்கமாவும் ஈந்திச்சு. நீங்க எப்பிடி எடுத்த?"

மர்சூக் அழுகிற பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினான்.

"அடி நெஞ்சிலேந்து," என்றான். "மூச்ச நல்லா இழுங்க. இன்னும். இந்தப் பய போடுற சத்தத்துல ஒங்கட சத்தம் யாருக்கும் கேக்காது."

ஷிராஸ் மூச்சை இழுத்தான்.